திரும்பும் பங்கு

அன்று காலையில் நானும் என் வீட்டுக்காரர் கிளிட்டஸும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தோம். தினமும் செய்கிற வேலைதான். பெட்டியின் இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு. கடல் பக்கத்துக் கைப்பிடி அவருக்கு, ஊர்ப் பக்கத்துக் கைப்பிடி எனக்கு. சார்ஜ் கொட்டகையிலிருந்து தண்ணீர் வரைக்கும் ஒரே மூச்சில் கொண்டுபோக முடியாது. பாதி வழியில் யாரோ கவிழ்த்துப்போட்ட பழைய ஐஸ் பெட்டி ஒன்று மணலில் பாதி புதைந்து கிடக்கும். அது வந்ததும் இறக்கி வைத்துவிட்டு, இடம் மாறி நின்று, கை மாற்றிக்கொள்வோம்.

"டீசல் காலத்துல போகும்போது கேன் கனக்கும், வரும்போது லேசாயிரும். இந்தச் சனியன் நெறஞ்சாலும் அதே கனம், காலியானாலும் அதே கனம்" என்றார்.

"உங்க மூஞ்சி மாதிரி. சாப்பிட்டாலும் அப்பிடித்தான், பட்டினி கெடந்தாலும் அப்பிடித்தான்."

"ஏட்டி, காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா?"

சிரித்துக்கொண்டே குனிந்து கைப்பிடியைப் பிடித்தார். நானும் பிடித்தேன். பெட்டியைப் படகில் அதன் குழிக்குள் இறக்கி, மூடிமேல் இருக்கும் அம்புக்குறி படகின் முகப்பைப் பார்க்கிறதா என்று சரிபார்த்து, கொக்கியை மாட்டினோம். கறிவேப்பிலை வாங்கி வைக்கச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே கொட்டகைக்குத் திரும்பினேன். படகு போவதை நின்று பார்க்கவில்லை. யாரும் பார்ப்பதில்லை. மின்மோட்டாருக்குச் சத்தம் கிடையாது. திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விடும்.

சிப்பித்துறையில் டீசல் நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது எல்லாப் படகும் பேட்டரியில் ஓடுகிறது. வண்டியைக் கிளப்ப ஒரு உதை கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும் கார் பேட்டரி வேறு. இது நாள் முழுக்க மெல்ல மெல்லக் கொடுத்து, அடிவரைக்கும் இறங்கி, நிரம்பி, மறுநாளும் அடிவரைக்கும் இறங்குவது. கூட்டுறவுச் சங்கத்துப் பலகையில் ஆழச்சுற்று பேட்டரி என்று எழுதியிருக்கும். நாங்கள் பெட்டி என்போம். முதலில் மலைப்பக்கம் சுற்றுலா போகிறவர்களின் வீட்டு வேன்களுக்காகத்தான் இதைச் செய்தார்கள். வண்டிக்குள்ளேயே சமைத்து, விசிறி போட்டுத் தூங்கி, காட்டுக்குள் நாள்கணக்கில் கிடக்கிறவர்களுக்கு. பிறகு அதே பெட்டி படகுக்கு வந்தது.

வந்த புதிதில் அடிவரைக்கும் இறங்குகிற அந்தக் குணமே ஆளைக் கொன்றது. இன்னும் ஒரு வலை, இன்னும் ஒரு வலை என்று கடைசிச் சொட்டு வரை ஓட்டிவிட்டுக் கரை தெரியாத இடத்தில் மிதந்தவர்கள் உண்டு. அதனால் அடுத்து வந்த பெட்டிகளில் திரும்பும் பங்கு என்ற ஒன்றை வைத்தார்கள். பெட்டி தன் ஆளைக் கவனித்துக் கற்றுக்கொள்ளும். எவ்வளவு தூரம் போகிறான், எந்தத் திசையில் திரும்புகிறான், கரை சேர எவ்வளவு செலவாகிறது என்று. அந்த அளவைத் தனியாகப் பூட்டிவைத்துவிடும். பெட்டியின் சின்னத் திரையில் இரண்டு எண்கள் தெரியும். மேலே இருப்பது நூற்றில் மீதி. கீழே இருப்பது பூட்டிய பங்கு. மேல் எண் இறங்கி வந்து கீழ் எண்ணைத் தொட்டதும் பெட்டி கூவும். அதற்குப் பிறகு முகப்பு வீட்டுத் திசையில் இருந்தால் மட்டும்தான் மோட்டார் ஓடும். வேறு பக்கம் திருப்பினால் நின்றுவிடும்.

எங்கள் பெட்டியில் கீழ் எண் பத்தொன்பது.

ஆண்கள் அதற்கு மாமியா என்று பெயர் வைத்திருந்தார்கள். போதும் வா என்று நச்சரிப்பதால். கரையில் எந்நேரமும் அந்தப் பேச்சுத்தான். "என் மாமியா சீக்கிரம் கூப்பிட்டுட்டா வே." "உன் மாமியாவாது கூப்பிடுதா, எனக்கு வாய்ச்சது தூங்குமூஞ்சி." எனக்குக் கொட்டகையில்தான் வேலை, மதியம் கரை வந்த பெட்டிகளை வரிசையாக வைத்துச் சொருகுவது, காலையில் எடுத்துக் கொடுப்பது. கல்யாணத்துக்கு முன்பு கான்வென்ட் நூலகத்தில் இருந்தேன். விசிறிகள் ஓடிக்கொண்டிருக்கும் அந்த இரைச்சலில் உட்கார்ந்து படிக்கிற பழக்கம் மட்டும் அங்கிருந்து கூட வந்தது. அன்று மதியமும் ஏதோ படித்துக்கொண்டுதான் இருந்தேன். என்ன புத்தகம் என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் வருவதில்லை.

நடந்ததை என் தம்பி ஸ்தனிஸ் எட்டாம் நாள் பூசை முடிந்து, கோயில் முற்றத்தில் நின்றபடி சொன்னான். எல்லோரும் கேட்கும்படி, ஒரே ஒரு தடவை. அவனுக்கு ஊர் மணல்முனை, எங்களுக்குத் தெற்கே அடுத்த கரை. இரண்டு படகும் அன்று ஒரே பாருக்குத்தான் போயிருந்தன. கடலுக்கடியில் மேடாக இருக்கும் இடத்தைப் பார் என்போம். மீன் அங்கேதான் கூடும். ஸ்தனிஸிடம் இருந்தது பழைய பெட்டி. பங்கு பூட்டாதது. புதியதற்கு சங்கத்தில் பெயர் கொடுத்துவிட்டு முறை வரக் காத்திருந்தான்.

"அத்தான் முன்னாடியே கூப்பிட்டாரு. 'மாப்ள, மாமியா கூப்பிட்டுட்டா, வா போவோம்'னாரு. 'உங்க மாமியா எனக்கு அம்மால்லா அத்தான், அம்மா பேச்ச நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்'னு சொன்னேன். சிரிச்சிட்டே போயிட்டாரு. நான் இன்னொரு வலை எடுத்தேன். எடுத்து முடிக்கல, பெட்டி செத்துட்டு. கச்சான் ஏறிட்டு. படகு வெலங்க இழுக்கு."

கச்சான் என்பது கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. அதில் சும்மா மிதக்கிற படகு கரைக்கு வராது. வெலங்க, அதாவது ஆழக்கடல் பக்கம்தான் போகும்.

வாக்கிடாக்கியில் ஸ்தனிஸ் கூப்பிட்டிருக்கிறான். கிளிட்டஸ் படகைத் திருப்பியிருக்கிறார். மோட்டார் நின்றுவிட்டது. மறுபடி கரைப்பக்கம் திருப்பினால் ஓடுகிறது. கடல் பக்கம் திருப்பினால் நிற்கிறது.

"கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா, பின்பக்கமா வாறாரு. முகப்பு கரயப் பாத்துட்டு இருக்கு, படகு என்னயப் பாத்து வருது. சிங்கி இறால் மாதிரி. நான் சிரிச்சேன். அக்கா, அப்ப சிரிச்சேன்."

இந்தப் பின்னோட்டம் எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரிந்த வேலை. கழன்றுபோன மிதவையை எடுக்க, விட்டுப்போன கயிற்றைப் பிடிக்க, பெட்டி கூவிய பிறகும் பத்து இருபது பாகம் தூரம் பின்னால் போவார்கள். மாமியாளுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டே பின்னால் நழுவுவது என்று அதற்கும் ஒரு கேலி உண்டு. ஆனால் கச்சான் நாளில் அவ்வளவு தூரம் அப்படி யாரும் போனதில்லை. படகின் பின்பக்கம் தட்டையானது. பின்னால் ஓட்ட ஓட்ட, தண்ணீரை முறம் போல அள்ளி உள்ளே போடும்.

தண்ணீர் ஏறிய படகோடு அவர் ஸ்தனிஸிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். கயிறு எறிந்து கட்டி இழுக்கவும் ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச தூரம் வந்தார்கள். ஒரு அலை முகப்பைத் தள்ளித் திருப்பிவிட்டது. முகப்பு வீட்டுத் திசையிலிருந்து விலகியதும் பெட்டி அதன் வேலையைச் செய்தது. மோட்டார் நின்றது. பின்னால் இருந்த படகின் கனம் கயிற்றைப் பக்கவாட்டில் இழுத்தது. அவர் கத்தியை எடுத்துக் கயிற்றை வெட்டினார்.

"வெட்டினதும் என் படகு வெலகிட்டு. அடுத்த அலையில அவரு படகு பொரண்டுட்டு. தல ரெண்டு தடவ தெரிஞ்சுது." ஸ்தனிஸ் கோயில் கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நான் குதிக்கல."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வரவில்லை.

கிளிட்டஸ் கிடைக்கவில்லை. படகு கிடைத்தது. அவர் இழுத்துவந்த அந்தக் கொஞ்ச தூரத்தால் ஸ்தனிஸ் மற்றப் படகுகளின் கண்ணில் பட்டான்; அவனைக் கரைசேர்த்தவர்களே கவிழ்ந்தபடி மிதந்ததையும் இழுத்துவந்தார்கள். பெட்டிக்குள் தண்ணீர் புகாது. குழியில் கொக்கி மாட்டியபடியே இருந்தது. கம்பெனியிலிருந்து மிருதுளா என்று ஒரு இளம் பொறியாளர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். கொட்டகையில் என் மேசைமேலேயே பெட்டியை வைத்து, தன் கணினியைச் சொருகி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியின் திரை எரிந்தது. மேலே பன்னிரண்டு. கீழே பத்தொன்பது.

"ஏழு செலவாயிருக்கு" என்றேன்.

"ஆமாங்க மேடம். கூவினதுக்கு அப்புறம் ஏழு. முக்காவாசி பின்னோட்டத்துல." அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இதை நாங்க முதல்ல வீட்டு வேனுக்குத்தாங்க செஞ்சோம். வேனுக்கு முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் போகும். ரிவர்ஸ்லயே அஞ்சாறு கிலோமீட்டர் யாரும் ஓட்ட மாட்டாங்கல்ல? அதனால காந்தமுள்ளை மட்டும் வெச்சுத் திசை பாக்குது. கடல் எல்லைப் பக்கம் செயற்கைக்கோள் கணக்கு அடிக்கடி அறுந்துபோகுது, அதை நம்ப முடியல."

"வேன் நின்னா ரோட்டோரமா நிக்கும்."

"ஆமாங்க." கணினிக் கம்பியைக் கழற்றிக்கொண்டே, "பங்கு ஒரு படகுக்கான பங்குங்க மேடம். இன்னொரு படகை இழுத்துட்டு வர அது போதாது. அண்ணனுக்கு அது தெரிஞ்சிருக்கும்" என்றார்.

"தெரியும்."

"இப்பப் புதுக் கணக்கு எழுதிட்டோம். இனிமே பின்னோட்டத்தையும் அது கண்டுபிடிச்சிரும். முகப்பு எங்க பாத்தாலும் சரி, படகு கடல் பக்கம் நகர்ந்தா மோட்டார் நின்னுரும். எல்லாப் பெட்டிக்கும் ஏத்தப்போறோம்." குரலைத் தாழ்த்தினார். "இது முன்னாடியே இருந்திருந்தா அண்ணன் இன்னைக்கு உங்ககூட இருந்திருப்பாருங்க."

"அப்ப என் தம்பி?"

மிருதுளா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மீட்புப் படகு, அவசர எண், அப்படி ஏதாவது இருந்திருக்கும். ஆனால் சொல்லவில்லை. நல்ல பெண். பொய் சொல்லவில்லை.

புதுக் கணக்கை ஏற்றிய நாளில் கரையில் சண்டை நடந்தது. பெண்கள் எல்லோரும் ஏற்றச் சொன்னார்கள். ஆண்களில் பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். "நாளைக்கு எம்மவன் அந்தப் பக்கம் கெடந்தா கரயில நின்னு கை காட்டவா?" என்று ஒருவர் கேட்டார். "ஒம்மவன் கெடந்தா எம்புருசன் ஏன் சாகணும்?" என்று ஒருத்தி கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பெட்டிகளை வரிசையாகச் சொருகிக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றுக்கும் ஏற்றியாகிவிட்டது. எங்கள் பெட்டி மட்டும் விசாரணைக்காகச் சங்கத்து அறையில் முத்திரை போட்டுக் கிடந்ததால் அதற்கு ஏற்றவில்லை.

முத்திரையை உடைத்து என்னிடம் தந்தபோது, தூக்க யாரையோ கூட அனுப்பினார்கள். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஆள். ஐஸ் பெட்டி வந்ததும் நான் இறக்கினேன். அவன் எதற்கென்று புரியாமல் நின்றான். அதே கனம்தான்.

வீட்டில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே வைத்தேன். கொட்டகையில் ஆட்கள் என் எதிரில் மாமியா என்ற பேச்சையே விட்டுவிட்டார்கள். நான் இருந்தால் பெட்டி என்பார்கள். நான் உள்ளே போனதும் குரல்கள் பழையபடி ஏறும். மதியம் ஒவ்வொருவனாகக் கரை சேர்ந்து பெட்டியை என் முன் வைத்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு போவான். வீட்டில் அரிசி அளக்கும் டம்ளர் பெரிதாகிவிட்டது போல இருந்தது. எப்படி அளந்தாலும் மிஞ்சியது. இரண்டு பேருக்குச் சமைத்த கை ஒருவருக்குச் சமைக்கப் படிக்க வெகுநாள் ஆகிறது. பேச்சும் அப்படித்தான். ஏதாவது ஒன்று சொல்ல வாய் வரை வந்து, கேட்க ஆள் இல்லாமல் அங்கேயே நின்றுவிடும்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் மின்சாரம் போனது. பெட்டியிலிருந்து ஒரு பல்பை எரிக்கலாமே என்று கம்பியை மாட்டினேன். எரியவில்லை. பன்னிரண்டு இருக்கிறது, தராது. அது பூட்டிய பங்கு. பிறகு ஒன்று தோன்றியது. மூடிமேல் இருந்த அம்புக்குறி தெற்கே பார்த்துக்கொண்டிருந்தது. கைப்பிடியைப் பிடித்துப் பெட்டியைத் தரையில் இழுத்துத் திருப்பினேன். மேற்கு. இன்னும் கொஞ்சம். பாரிலிருந்து சிப்பித்துறை வடமேற்கில் இருக்கிறது. அம்பு அந்தக் கோணத்துக்கு வந்ததும் பல்பு எரிந்தது.

பெட்டி அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் கட்டில் தெரிந்தது, அவர் சட்டை மாட்டிய ஆணி தெரிந்தது. திரையில் பன்னிரண்டு பதினொன்றாக ஆவதற்குள் நான் பெட்டியைப் பழையபடி தெற்கே திருப்பிவிட்டேன். நானும் அவரும் சேர்ந்து தூக்கிப்போன மின்சாரம் அது. அதில் இனி ஒன்றும் செலவாகக் கூடாது என்று அப்போது நினைத்தேன்.

ஆனால் மிருதுளா போகும்போதே சொல்லியிருந்தார். "ஆழ இறங்கி ஏறத்தான் மேடம் இதைச் செஞ்சிருக்கோம். சும்மா வெச்சீங்கன்னா தானாவே வத்தி ஒரு நாள் செத்துரும். அப்புறம் எழுப்ப முடியாது. யாருக்காவது ஓட்டக் குடுங்க. அழிக்கணும்னா அடியில பொத்தான் இருக்கு, அமுக்கிப் பிடிச்சா அண்ணன் கத்துக்குடுத்தது போயி, புதுக் கணக்கு ஏறிரும். அழிக்காம வேற ஆளுக்குக் குடுத்தாலும் ஒரு மாசத்துல அது புது ஆளோட வீட்டைக் கத்துக்கும்."

மிருதுளா சொன்னபடியே நடந்தது. பன்னிரண்டு பதினொன்று ஆனது, பத்து ஆனது.

எட்டு ஆன வாரத்தில் ஸ்தனிஸின் மனைவி ஜெசிந்தா வந்தாள். பேருந்தில் வந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மயினி, அவுகளுக்குப் புதுப் பெட்டி முறை வந்துட்டு. வேண்டாம்னுட்டாவ. கடலுக்கே போவலியாம். காலையில எந்திரிச்சி படகுகிட்ட போயி உக்காந்துட்டு, வெயில் ஏறினதும் வந்து படுத்துக்கிடுதாவ. நான் மீன் கம்பெனிக்குப் போறேன். அது பரவாயில்ல. ஆனா மனுசன் பேசவே மாட்டக்காவ மயினி. பேச்ச கேட்டு எத்தன நாளாச்சு."

"எங்கிட்ட வரச் சொல்லு."

"உங்க மூஞ்சியில முழிக்க முடியலங்காவ."

அவள் போன பிறகு பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் தன் பங்கிலிருந்து ஏழு எடுத்து அந்த முட்டாளுக்காகச் செலவழித்திருந்தார். மீதியை நான் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துச் சாகவிட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலையில் கொட்டகையில் அதை முழுதாக ஏற்றி, ஆட்டோவில் வைத்து மணல்முனைக்குக் கொண்டுபோனேன். ஸ்தனிஸ் படகின் நிழலில் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்தான்; ஓட இடம் தேடுகிறவன் போல இரண்டு பக்கமும் பார்த்தான்.

"தூக்குல" என்றேன்.

"என்ன அது?"

"தெரியலியா? அத்தான் பெட்டி. சும்மா வெச்சா செத்துருமாம். நீ ஓட்டு."

"என்னால முடியாது."

"அப்ப நான் ஓட்டட்டா? எனக்கு நீச்சல் தெரியாது."

அவன் கடல் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தான். குழிக்குள் இறக்கினோம். கொக்கி மாட்டும்போது, "அழிச்சாச்சா?" என்று கேட்டான்.

"அம்ப முகப்பப் பாத்து வையி" என்றேன்.

மறுநாள் மதியம், எங்கள் கரைப் படகுகள் எல்லாம் வந்து அடங்கிய பிறகு, தென்கிழக்கிலிருந்து ஒரு படகு கரையேறுவதைப் பார்த்தேன். மணல்முனைப் படகுக்கு இங்கே வேலை இல்லை. ஸ்தனிஸ் மணலில் குதித்து வேகமாக ஏறிவந்தான். முகம் கறுத்துப்போயிருந்தது.

"நீ அழிக்கல."

"அழிக்கல."

"கூவினதும் ஊருக்குத் திருப்புதேன், செத்துப்போவுது. திருப்புதேன், செத்துப்போவுது. இங்க திருப்பினா மட்டும் ஓடுது. நடுக்கடல்ல வெச்சு எங்கூட வெளையாடுதியா?"

"வெளையாட்டு இல்லல. அது அவுக படிச்சிக்குடுத்த வழி. அதுக்கு இந்த ஒரு கரதான் தெரியும்."

"அழிச்சிரு. இப்பவே அழிச்சிரு."

"பொத்தான் அடியில இருக்கு. நீயே அமுக்கு. ஆனா ஒண்ணு தெரிஞ்சிக்கோ. அழிச்சா புதுக் கணக்கு ஏறிரும். இந்தக் கடல்ல பின்னால போகத் தெரிஞ்ச பெட்டி இப்ப இது ஒண்ணுதான்."

அவன் திரும்பி நடந்தான். படகுக்குப் போய்ப் பெட்டியை அவிழ்த்தான். நானும் போனேன். இரண்டு பேருமாகத் தூக்கி வந்து ஐஸ் பெட்டிப் பக்கத்தில் இறக்கினோம். அவன் பெட்டியைச் சாய்த்துப் பிடித்து அடிப்பக்கத்தைப் பார்த்தான். பொத்தான் மேல் விரல் வைத்தான். அமுக்கவில்லை.

"நான் குதிக்கல அக்கா."

"தெரியும்."

"குதிச்சிருக்கணும்."

"குதிச்சிருந்தா நான் இப்ப யாரோட சண்ட போட? அந்தப் பக்கம் பிடி. கை மாத்தணும்."

பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அழுதான். நான் அழவில்லை. எனக்கு அது ஏற்கெனவே முடிந்திருந்தது. கொட்டகையில் சொருகினோம். மணல்முனை போய்ச் சேர வேண்டிய அளவுக்கு ஏற அரைமணி நேரம் ஆகும். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்றான். அதுதான் அன்று அவன் கடைசியாகச் சொன்னது.

அதற்குப் பிறகு தினமும் வந்தான். வந்து அரைமணி நேரம் உட்காருவான். முதலில் பேச்சு இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக; வலையில் என்ன விழுந்தது, ஜெசிந்தா என்ன சொன்னாள், எந்த மீனுக்கு என்ன கிராக்கி. பெட்டி ஏறியதும் எடுத்துக்கொண்டு தெற்கே போய்விடுவான். மீதி நாள் முழுக்க நானும் விசிறிச் சத்தமும்தான். இருந்தாலும் அந்த அரைமணி நேரத்துக்காகக் காலையிலேயே பால் வாங்கி வைக்க ஆரம்பித்திருந்தேன். அதைக் கவனித்தபோது எனக்குப் பயம் வந்தது. ஒரு மாதத்தில் பெட்டி புது வீட்டைக் கற்றுக்கொள்ளும். கீழ் எண் மாறும். கூவிய பிறகும் முகப்பு தெற்கே திரும்பும். அவன் இங்கே வர வேண்டியிருக்காது.

தினமும் சொருகும்போது முதலில் கீழ் எண்ணைத்தான் பார்த்தேன். பத்தொன்பது. பண்டிகை வந்து போனது. பத்தொன்பது. மழை தொடங்கியது. மழை விட்டது. பத்தொன்பது.

பெட்டியில் ஏதோ பழுது என்று நினைத்தேன். பழுதான கணக்கை நம்பி அவன் கடலில் போய்வருகிறானே என்ற நினைப்பு வந்ததும் உட்கார முடியவில்லை. மிருதுளாவுக்குப் போன் செய்தேன். பெட்டியைக் கொட்டகை இணைப்பில் சொருகச் சொல்லி, அங்கிருந்தபடியே பார்த்தார்.

"பழுது ஒண்ணும் இல்லீங்க மேடம். நல்லா இருக்கு."

"அப்ப ஏன் மாறல? அவன் ராத்திரி மணல்முனையிலதான சார்ஜ் போடுதான்?"

"எங்க சொருகுறாங்கன்னு அது பாக்காதுங்க. வலை எடுத்து முடிச்சதும் முகப்பை எந்தப் பக்கம் திருப்புறாங்க, எங்க முதல்ல கரை சேர்றாங்க, அதைத்தான் பாக்கும்."

"கூவினப்புறம் இங்கதான திருப்ப முடியும்?"

"கூவினப்புறம் சரி." மிருதுளா ஏதோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "மேடம், முதல் நாள் ஒரு தடவை கூவியிருக்கு. அதுக்கு அப்புறம் இந்தப் பெட்டி கூவவே இல்லீங்க. அவர் தினமும் கையில நிறைய மீதி இருக்கும்போதே கிளம்பிடுறாரு. அந்த நேரத்துல எந்தப் பக்கம் வேணும்னாலும் போலாம், நேரா அவங்க ஊருக்கே போலாம். ஆனா உங்க பக்கம்தான் திருப்புறாரு. அப்ப அது வேற என்னத்தைக் கத்துக்கும்?"

அன்றும் மதியம் வந்தான். மணலில் குதித்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தினான்.

"இந்தச் சனியன் இன்னைக்கும் இங்கதான் இழுத்துட்டு வருதுக்கா. என்ன எழவு மாமியாளோ."

என் எதிரில் அந்தப் பேச்சை எடுக்க இப்போது அவன் ஒருவன்தான் இருக்கிறான்.

"பழகின வழில்லா. மாற நாளாகும்" என்றேன்.

"எவ்வளவு நாளு?"

"யாருக்குத் தெரியும்? தூக்கு."

தூக்கினோம். அவன் இப்போதெல்லாம் சொல்லாமலேயே ஐஸ் பெட்டியருகே இறக்கிவிடுகிறான். கை மாற்றிக்கொண்டோம். கொட்டகையில் வைத்துச் சொருகினேன். அவன் திரையைப் பார்க்காமல் டீ டம்ளரைத் தேடிக்கொண்டு உள்ளே போனான்.

மேலே நாற்பத்திரண்டு. கீழே பத்தொன்பது.